இருபத்திரண்டு எழுத்துகளின் ஆணை

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட சமவெளியின் முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு வந்து சேரும் குஞ்சுகளுக்கு, பொரிப்பகத்தை விட்டுப் புறப்படும் முன்பே, முதல் நாளிலேயே, கழுத்துத் தோலுக்கு அடியில் ஓர் ஊசி போடப்படுகிறது. பண்ணைக்காரர்கள் மேரெக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் நோய்க்கான தடுப்பூசி அது. ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907-இல் விவரித்த அந்த நோய், ஹெர்ப்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்றினால் கோழியின் வெள்ளையணுக்களில் உண்டாகும் புற்றுநோய் என்பது பின்னாளில் தெளிவானது. வான்கோழி வைரஸைக் கொண்டு உருவாக்கப்பட்டு 1970-களின் தொடக்கத்தில் பரவலான அதன் தடுப்பூசியே, எந்த உயிரினத்திலும் ஒரு புற்றுநோயைத் திறம்படத் தடுத்த முதல் தடுப்பூசி என்று மதிக்கப்படுகிறது. இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அதே குஞ்சுகளுக்குக் கண்சொட்டாகவோ குடிநீரிலோ கம்போரோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து தரப்படுகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் அட்டை அட்டையாக அடுக்கப்பட்டிருக்கும் முட்டைகளை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லாத இந்த இரண்டு மருந்துகளும், மனித இரத்தப் புற்றைப் பற்றிய அறிவியலின் இரண்டு ஆதாரக் கேள்விகளைத் தொட்டு நிற்கின்றன: உடலின் எதிர்ப்பொருள்களைத் தயாரிக்கும் செல் எங்கே உருவாகிறது என்பது ஒன்று, அச்செல் கட்டுக்கடங்காமல் பெருகுவதற்கு எது காரணம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் முதல் விடைகள் கோழியிலிருந்தே கிடைத்தன.

கோழியின் கழிவாய்க்கு மேற்புறத்தில், குடலின் கடைசிப் பகுதியை ஒட்டி, ஒரு சிறு பை உண்டு. பதுவா நகரின் உடற்கூற்றியலாளர் ஃபாப்ரிசியஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1621-இல் வெளியான நூலில் இடம்பெற்றதால், ஃபாப்ரிசியஸ் பர்சா என்று அது வழங்கப்படுகிறது. குஞ்சுப் பருவத்தில் வளர்ந்து, முட்டையிடும் பருவம் நெருங்கும்போது சுருங்கி மறைந்துவிடும் இந்தப் பையைத்தான் கம்போரோ வைரஸ் தேடிச்சென்று தாக்குகிறது. நோய் கண்டு இறந்த குஞ்சை அறுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர் முதலில் தேடுவதும் அதையே: வெளிர்நிறமாக இருக்க வேண்டிய பை வீங்கி, மேலே மஞ்சள் நிறத்தில் கூழ்போன்ற படலம் படிந்து, சில குஞ்சுகளில் உள்மடிப்புகளில் இரத்தம் கசிந்து, தொடைத் தசையிலும் செம்புள்ளிகள் தென்படும். பிழைத்துக்கொள்ளும் குஞ்சுகளில் சில நாட்களில் பை வற்றிச் சிறுத்துவிடுகிறது. அதன் பிறகு வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டாலும் சரிவரப் பிடிப்பதில்லை என்பது பண்ணைகளில் அனுபவத்தால் அறியப்பட்ட செய்தி.

அதன் காரணத்தைக் கண்டறிந்தது, 1950-களில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோழியியல் பயின்ற புரூஸ் கிளிக் என்ற மாணவர். பர்சாவின் பயன் என்னவென்று பார்ப்பதற்காக அவர் குஞ்சுகளிலிருந்து அதை அறுத்து நீக்கினார். குஞ்சுகள் எந்தக் குறையுமின்றி வளர்ந்தன. சால்மோனெல்லா பாக்டீரியாவுக்கு எதிராகக் கோழி எதிர்ப்பொருள் உண்டாக்குவதை வகுப்பில் செய்து காட்டக் கோழிகள் தேவைப்பட்ட திமொத்தி சாங் என்ற சக மாணவர், கிளிக்கின் கோழிகளை வாங்கிச் சென்று ஊசி போட்டபோது, பர்சா நீக்கப்பட்டவற்றில் எதிர்ப்பொருள் உண்டாகவில்லை. இந்த முடிவைச் சொல்லும் கட்டுரையைப் புகழ்பெற்ற 'சயின்ஸ்' இதழ் ஏற்காததால், 1956-இல் அது கோழி வளர்ப்பியல் இதழ் ஒன்றில் வெளியாகி, நோய் எதிர்ப்பியலாளர்களின் கண்ணில் படாமல் பல ஆண்டுகள் கிடந்தது. 1965-இல் மின்னெசோட்டாவில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும், கோழியின் நிணநீர்ச் செல்களில் தைமஸ் சுரப்பியைச் சார்ந்தது ஒன்று, பர்சாவைச் சார்ந்தது மற்றொன்று என இரு வழிமரபுகள் உண்டு என்று நிறுவியபோதுதான் கிளிக்கின் பணி உரிய இடத்தைப் பெற்றது. தைமஸின் முதலெழுத்தை டி செல்லும், பர்சாவின் முதலெழுத்தை பி செல்லும் தாங்கியிருக்கின்றன. மனிதருக்குப் பர்சா இல்லை. எலும்பு மஜ்ஜையே அந்தப் பணியைச் செய்கிறது.

பி செல்லின் வளர்ச்சி ஏன் புற்றுக்கு இடம்தரும் அளவுக்கு ஆபத்தானது என்பதை இங்கே விளக்கிவிட வேண்டும். உடலின் ஏனைய செல்கள் தங்கள் டி.என்.ஏ.வைப் பழுதின்றிப் பாதுகாப்பதையே கடமையாகக் கொண்டிருக்க, பி செல்லோ தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டி ஒட்டிக்கொள்கிறது. எண்ணற்ற கிருமிகளுக்கு ஏற்ற எண்ணற்ற எதிர்ப்பொருள்களைத் தனித்தனி மரபணுக்களாகச் சேமித்து வைக்க இடம் போதாது என்பதால், சிறு துண்டுகளை ராக் எனப்படும் நொதிகள் வெட்டி, செல்லுக்குச் செல் வெவ்வேறு விதமாக இணைக்கின்றன. இந்த முதல் வெட்டு டி செல்லிலும் நிகழ்கிறது. ஆனால் பி செல் அதோடு நிற்பதில்லை. கிருமியைச் சந்தித்த பின் நிணநீர் முடிச்சின் முளை மையங்கள் எனப்படும் பகுதிகளில் அது வேகமாகப் பெருகிக்கொண்டே, ஏ.ஐ.டி. என்ற நொதியின் துணையால் தன் எதிர்ப்பொருள் மரபணுவில் வேண்டுமென்றே பிழைகளைப் புகுத்தி, அவற்றுள் மேலானதைத் தேர்ந்தெடுக்கிறது. வேகமான பெருக்கமும் டி.என்.ஏ. வெட்டும் ஒரே செல்லில் ஒரே வேளையில் நடக்கும்போது, வெட்டப்பட்ட முனை தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்வது வியப்பன்று. செல் பெருக்கத்தைத் தூண்டும் மிக் என்ற மரபணு எட்டாம் குரோமோசோமிலிருந்து பதினான்காம் குரோமோசோமின் எதிர்ப்பொருள் மரபணுவுக்கு அருகே இடம் மாறினால் பர்க்கிட் நிணநீர்ப் புற்று உண்டாவதும், செல் சாவதைத் தடுக்கும் பி.சி.எல்.2 மரபணு அவ்வாறே இடம் மாறினால் ஃபாலிக்குலார் என்ற மெதுவான நிணநீர்ப் புற்று உண்டாவதும் இப்படித்தான்.

மீண்டும் கோழிக்கே வர வேண்டியிருக்கிறது. கோழியின் இரத்தப் புற்று, செல்கள் வடிகட்டி நீக்கப்பட்ட சாற்றினாலும் பரவுகிறது என்று 1908-இலேயே கோப்பன்ஹேகனில் எல்லர்மனும் பாங்கும் காட்டியிருந்தனர். அந்த வகை நோயை உண்டாக்கும் லுகோசிஸ் வைரஸ், மேரெக்ஸ் வைரஸைப் போலன்றி, பர்சாவில் உள்ள பி செல்லையே பிடித்துக்கொண்டு, பின்னர் கல்லீரலைப் பல மடங்கு பெருக்கச் செய்யும் கட்டியாகப் பரவுகிறது. இதற்குத் தடுப்பூசி கிடையாது, இனவிருத்திக் கூட்டங்களிலேயே சோதித்து நோயுள்ள தாய்க்கோழிகளை நீக்குவது ஒன்றே வழி. (இவ்விரு வைரஸ்களும் கோழியை உண்போருக்கு நோய் தருவதாகச் சான்று இல்லை.) 1981-இல் வில்லியம் ஹேவர்டும் உடனிருந்தோரும், இந்த வைரஸ் பி செல்லின் டி.என்.ஏ.வில் மிக் மரபணுவுக்கு அருகே தன்னைச் செருகிக்கொண்டு அதை ஓயாமல் இயங்க வைப்பதைக் கண்டனர். வைரஸ் வந்து செருகிய இடத்தைக் கண்டுபிடித்தால் புற்றுக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது. 1989-இல் அதே வழியில், வேகமாகப் பரவும் கட்டிகளில் வைரஸ் திரும்பத் திரும்பச் செருகிக்கொள்ளும் இன்னோர் இடம் கண்டறியப்பட்டு, அதற்கு பிக் என்று பெயரிடப்பட்டது.

பிக் ஒரு புதிராகவே இருந்தது. மரபணு என்றால் அதிலிருந்து தூது ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்பட்டு, அந்த நகலைப் படித்துப் புரதம் கட்டப்பட வேண்டும் என்பதே அன்றைய பாடம். பிக்கிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் வந்தது, ஆனால் அதில் புரதம் கட்டுவதற்கேற்ற நீண்ட வாசகம் எதுவும் இல்லை. கோழி, எலி, மனிதன் ஆகிய மூன்று உயிரினங்களிலும் அந்த ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, பெரும்பகுதி வேறுபட்டிருக்க, தன்மேல் தானே மடங்கிக் கொண்டையூசி வடிவம் பெறும் ஒரு சிறு பகுதி மட்டும் மாறாமல் காக்கப்பட்டிருந்தது. அது என்ன செய்கிறது என்று சொல்ல அக்காலத்தில் யாராலும் இயலவில்லை. விடைக்கான விதி வேறோர் ஆய்வகத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில், ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தும் இவ்விரண்டையும் இணைத்துப் பார்ப்பார் இல்லை.

1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்கன் ஆகியோரின் குழுக்கள், புழுவின் வளர்ச்சிக் காலத்தை முறைப்படுத்தும் லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் தராமல், இருபத்திரண்டு எழுத்துகள் அளவிலான ஆர்.என்.ஏ. துணுக்கை மட்டுமே தருகிறது என்றும், அத்துணுக்கு இன்னொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வில் தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு அதிலிருந்து புரதம் உருவாவதைக் குறைக்கிறது என்றும் காட்டின. இங்கே எழுத்து என்பது ஆர்.என்.ஏ. இழையின் அடிப்படை அலகான நியூக்ளியோடைடு. புழுவின் விநோதம் என்று ஒதுக்கப்பட்ட இக்கண்டுபிடிப்பு, 2000-இல் ரவ்கனின் குழு கண்டறிந்த லெட்-7 என்ற இரண்டாவது துணுக்கு மனிதர் உட்படப் பல விலங்குகளில் அப்படியே இருப்பது தெரிந்ததும் ஒரு பொது விதியாக உயர்ந்தது. மறு ஆண்டில் இத்தகைய துணுக்குகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற பெயர் நிலைபெற்றது; 2024-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இத்துணுக்கு உருவாகும் விதம் சுருக்கமாக இது: கொண்டையூசி மடிப்புள்ள நீண்ட ஆர்.என்.ஏ.வை செல்லின் உட்கருவில் டிரோஷா என்ற நொதி கத்தரிக்கிறது. வெளியே வந்ததும் டைசர் என்ற மற்றொரு நொதி மடிப்பின் வளைவை நறுக்குகிறது. எஞ்சிய குறு இழை ஆர்கனாட் என்ற புரதத்தில் அமர்ந்துகொண்டு தன் இலக்கைத் தேடுகிறது. இலக்கை அடையாளம் காண்பதற்கு அதன் தொடக்கத்திலுள்ள ஏழெட்டு எழுத்துகள் பொருந்தினாலே பெரும்பாலும் போதும் என்பதால், ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களின் மேல் கைவைக்க முடிகிறது. 2002-இல் எலியின் திசுக்களில் தேடப்பட்டபோது கிடைத்த மிர்-155 என்ற துணுக்கின் எழுத்துகள், பிக்கின் மாறாத கொண்டையூசிக்குள் பொதிந்திருந்தவையே. லுகோசிஸ் வைரஸ் கோழியின் பி செல்லில் இயக்கிவிட்டது புரதமற்ற அந்த ஆணையைத்தான்.

மேரெக்ஸ் வைரஸின் கதை இதைவிடக் கூர்மையானது. அது தாக்குவது முக்கியமாக டி செல்களை. ஆயினும் இங்கும் மிர்-155 வருகிறது. பிரிட்டனின் காம்ப்டன் ஆய்வகத்தில் வேணுகோபால் நாயர் தலைமையில் இயங்கிய குழு 2009-இல், மேரெக்ஸ் வைரஸ் தன் சொந்த மரபுத்தொகுப்பிலேயே மிர்-155-இன் தொடக்க எழுத்துகளை அப்படியே கொண்ட ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வைத்திருப்பதையும், கட்டியாக மாறிய செல்களில் கோழியின் சொந்த மிர்-155 குறைந்திருக்க, வைரஸின் போலி அந்த இடத்தை நிரப்புவதையும் காட்டியது. 2011-இல் அப்போலியை மட்டும் வைரஸிலிருந்து நீக்கிப் பார்த்தபோது, வைரஸ் கோழிக்குள் பெருகியது. கட்டி உண்டாக்கும் திறனை மட்டும் இழந்தது. மனிதரில் கபோசி சர்கோமாவையும் சில பி செல் புற்றுகளையும் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸும் இதே எழுத்துகளின் போலியை வைத்திருக்கிறது. எப்ஸ்டைன்-பார் வைரஸோ போலி எதுவும் செய்யாமல், தான் புகுந்த பி செல்லின் மிர்-155-ஐயே முடுக்கிவிடுகிறது. வெவ்வேறு வைரஸ்கள் வெவ்வேறு வழிகளில் ஒரே கட்டளையைக் கைப்பற்றியிருப்பது, நிணநீர்ச் செல்லில் அக்கட்டளைக்கு உள்ள இடத்தை எந்த ஆய்வகச் சோதனையையும் விடத் தெளிவாகச் சொல்கிறது.

பெரும்பாலான மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் ஒரு புரதத்தின் அளவை முற்றிலும் அணைப்பதில்லை. பாதிக்கும் குறைவாகவே மட்டுப்படுத்துகின்றன. இவ்வளவு மென்மையான தலையீடு உயிருக்கே உலை வைப்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு வளையங்களை இணைக்கத் தூவப்படும் பற்றவைக்கும் பொடி சற்றுக் குறைந்தால் கண்ணி விடும், சற்று மிகுந்தால் வெள்ளியின் தரம் கெடும். பி செல்லின் வளர்ச்சியை நடத்தும் புரதங்களும் அவ்வாறே, இருப்பதும் இல்லாததும் அன்றி இருக்கும் அளவே விளைவை முடிவு செய்யும் வகையைச் சேர்ந்தவை. கிளாஸ் ராயெவ்ஸ்கியின் ஆய்வகம் 2007-இல் மிர்-150-ஐக் கொண்டு இதை நிறுவியது: முதிர்ந்த பி செல்லில் மட்டும் மிகுதியாக இருக்க வேண்டிய இத்துணுக்கை இளம் பருவத்திலேயே தோன்றச் செய்தபோது, மிப் என்ற ஒழுங்குபடுத்தும் புரதத்தின் அளவு சிறிது குறைந்ததாலேயே பி செல்கள் புரோ-பி என்ற இளம் நிலையிலிருந்து அடுத்த பிரீ-பி நிலைக்கு ஏற முடியாமல் நின்றன.

அந்த ஒரு படிதான் எல்லாச் சோதனைகளிலும் மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. எதிர்ப்பொருளின் கனமான சங்கிலிக்குரிய மரபணு சரியாக ஒட்டப்பட்டதா என்று செல் தன்னைச் சோதித்துக்கொள்ளும் இடம் அது. தேறாதவை பிம் என்ற புரதத்தால் தற்கொலைக்கு உட்படுத்தப்படுகின்றன. 2008-இல் இளம் பி செல்களில் டைசர் நொதியை நீக்கி மைக்ரோ ஆர்.என்.ஏ. உற்பத்தியையே நிறுத்தியபோது, வளர்ச்சி அந்தப் படியிலேயே முறிந்தது. பிம் அளவுக்கு மீறித் தேங்கியிருந்தது. மிர்-17-92 என்ற, ஒரே இழையில் ஆறு துணுக்குகளைக் கொண்ட தொகுதியை மட்டும் நீக்கியபோதும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. எனவே அத்தொகுதியின் இயல்பான பணி, தேறக்கூடிய செல்லை அவசரச் சாவிலிருந்து காப்பது என்று கொள்ளலாம். அதே தொகுதி அளவு மீறினால்? மிக் மரபணு முடுக்கப்பட்ட எலிகளில் அதன் ஒரு பகுதியைக் கூடுதலாகப் புகுத்தியபோது பி செல் நிணநீர்ப் புற்று மிக விரைவில் தோன்றியதை 2005-இல் கிரெகரி ஹன்னன், ஸ்காட் ஹாமண்ட் ஆகியோரின் குழுக்கள் கண்டன. அதே ஆண்டில் மிக் புரதமே இத்தொகுதியை இயக்குகிறது என்பதும் தெரியவந்தது. பெருகச் சொல்லும் மிக், கூடவே சாகாதிருக்கச் சொல்லும் ஆணையையும் பிறப்பிக்கிறது.

குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் கடும் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியா, பெரும்பாலும் இந்தப் புரோ-பி, பிரீ-பி நிலைகளில் தேங்கிப் பெருகும் செல்களின் நோய். 1980-களில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் டெல்லி எய்ம்ஸும் இந்தியக் குழந்தைகளுக்கென மேற்கொண்ட எம்.சி.பி. 841 என்ற கூட்டு மருந்துத் திட்டம், அந்நாளில் பெரும்பாலும் உயிர் பறித்த இந்நோயில் பிழைப்போரின் விகிதத்தைக் கணிசமாக உயர்த்தியது. அந்த வெற்றிக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிய அறிவு தேவைப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்போது அது கண்டுபிடிக்கப்படவே இல்லை.

மிர்-155-ஐ நீக்கிய எலிகள் 2007-இல் உருவாக்கப்பட்டபோது, அவற்றின் முளை மையங்கள் நலிந்திருந்தன. வலுக்குறைத்த சால்மோனெல்லாவைத் தடுப்பூசியாகப் போட்டும் அவை பாதுகாப்புப் பெறவில்லை. மறுபுறம், 2006-இலேயே கார்லோ குரோச்சேயின் ஆய்வகம் எலியின் பி செல்களில் மிர்-155-ஐ மிகுவித்து, வேறெந்த மரபணு மாற்றமும் இன்றி அது ஒன்றே பிரீ-பி செல்களைப் பெருகச் செய்து லுகேமியாவுக்கு இட்டுச் செல்வதைக் காட்டியிருந்தது. மனிதரில் ஹாட்ஜ்கின் நோயிலும், பெரிய பி செல் நிணநீர்ப் புற்றின் கடுமையான வகையிலும் இத்துணுக்கு ஓங்கியிருக்கிறது. இவ்வளவையும் படித்தபின் இதைக் கெட்ட மரபணு என்று முத்திரை குத்தத் தோன்றும். ஆனால் 2008-இல் வெளியான இரு ஆய்வுகள் அதை அனுமதிப்பதில்லை. டி.என்.ஏ.வில் பிழை புகுத்தும் ஏ.ஐ.டி. நொதியின் தூது ஆர்.என்.ஏ.வில் மிர்-155 ஒட்டும் இடத்தை மட்டும் சிதைத்தபோது, ஏ.ஐ.டி. மிகுந்து, மிக் மரபணு இடம் மாறும் விபத்துகளும் மிகுந்தன. ஆக, புற்றுக்கு வழிவகுக்கும் அதே துணுக்கு, புற்றுக்கு முதற்படியான குரோமோசோம் இடமாற்றத்தைத் தடுக்கும் காவலாகவும் நிற்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் மனிதப் புற்றுக்கும் உள்ள தொடர்பு முதன்முதலில் வெளிப்பட்டது முதியோரைத் தாக்கும் நாட்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுகேமியாவில். மேலைநாடுகளில் மிகப் பரவலான இந்த லுகேமியா இந்தியரிடம் ஒப்பீட்டளவில் அரிது. நோயாளிகளில் பாதிப்பேருக்கு மேல் பதின்மூன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதி இழக்கப்பட்டிருப்பது தெரிந்திருந்தும், அங்கே புற்றைத் தடுக்கும் புரதத்துக்கான மரபணுவைத் தேடியவர்கள் பத்தாண்டுகளுக்கு மேல் வெறுங்கையுடனே திரும்பினர். 2002-இல் ஜார்ஜ் காலினும் குரோச்சேயும், இழக்கப்பட்ட பகுதியின் மையத்தில் இருப்பவை மிர்-15, மிர்-16 என்ற இரு துணுக்குகள் என்றனர். 2005-இல் அவற்றின் முக்கிய இலக்கு பி.சி.எல்.2 என்பது தெரிந்தது: துணுக்குகள் தொலைந்தால் பி.சி.எல்.2 கூடுகிறது, பி செல் சாக மறுக்கிறது. 2010-இல் எலியில் அப்பகுதியை நீக்கியபோது அதே வகை நோய் உண்டாகி ஐயத்தைத் தீர்த்தது.

சிகிச்சை என்று வரும்போது, இழந்த துணுக்கைத் திருப்பித் தருவதைவிட அது அடக்கிவைத்திருந்த புரதத்தை நேரே தடுப்பதே பலித்தது. பி.சி.எல்.2-ஐத் தடுக்கும் வெனட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரை 2016-இல் இந்த லுகேமியாவுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்கும் முயற்சிகள் இவ்வளவு நற்பேறு பெறவில்லை: மிர்-34-இன் செயற்கை நகலைக் கொண்டு நடந்த மனிதச் சோதனை, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கடும் எதிர்வினைகளால் 2016-இல் நிறுத்தப்பட்டது; மிர்-155-ஐத் தடுக்க உருவாக்கப்பட்ட கோபோமார்சனும் மருந்தாக வெளிவரவில்லை. நூறு இலக்குகளைத் தொடும் ஒன்றை ஒரே இலக்குக்காகக் கூட்டியோ குறைத்தோ பார்ப்பதில் உள்ள இடர் இது.

அந்த இடரை நன்கு உணர்த்துவது, இந்த லுகேமியாவின் மருத்துவமனைப் பதிவுகளிலேயே உள்ள ஒரு முரண். பதின்மூன்றாம் குரோமோசோமின் அப்பகுதியை மட்டும் இழந்து வேறு மாற்றம் ஏதுமில்லாத நோயாளிகளே, குரோமோசோம் குறை எதுவும் காணப்படாதவர்களையும் விட நீண்ட காலம் வாழ்கின்றனர். குரோச்சேயின் குழு 2011-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தது: மிர்-15, மிர்-16 ஆகியவை பி.சி.எல்.2-ஐ மட்டுமன்றி, பழுதான செல்லைக் கொல்லும் பி53 என்ற காவல் புரதத்தையும் மட்டுப்படுத்துகின்றன. அவை தொலையும்போது செல்லைச் சாகவிடாத புரதம் கூடுவதோடு, சாகடிக்கும் புரதமும் சேர்ந்து கூடுகிறது. நோய் தோன்றுகிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் மெல்ல நகர்கிறது. பதினேழாம் குரோமோசோமில் பி53-க்கான மரபணுவே இழக்கப்படும் நோயாளிகளில் இந்தச் சமநிலை குலைந்து, நோய் வேகமெடுக்கிறது; வெனட்டோகிளாக்ஸுக்கு முதல் அனுமதி வழங்கப்பட்டதும் அவர்களுக்காகவே.